சசிதரனின் கோழிக்கிறுக்கல்

காரைக்கால் பக்கத்து மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டில் ஃபைபர் படகு என்ஜின் மக்கர் செய்தால் சசிதரனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தம். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டான், அதனால் யாரோடும் தகராறு கிடையாது. அவனிடம் இருந்த ஒரே கோளாறு கையெழுத்து.

என்ன சாமான் வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவான். டவுனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அந்தச் சீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார், ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், கடைசியில் போன் போட்டு, "தம்பி, சீட்டு வந்துச்சு. இப்ப என்ன வேணும்னு சொல்லு" என்பார். ஒருமுறை சசிதரன் போனை எடுக்கவில்லை. தண்ணீர் பம்ப் கேட்டு எழுதியிருந்தான். தார்ப்பாய் வந்து சேர்ந்தது.

பள்ளியில் படித்தபோது அவனுடைய தமிழ் வாத்தியார் விடைத்தாளில் மதிப்பெண் போடும் இடத்தில், 'கோழிக்கு எதற்குப் பரீட்சை?' என்று எழுதி அனுப்பினார். அப்பா அடித்தார். கையெழுத்து மாறவில்லை.

ஆனால் சசிதரனுக்கு எழுதப் பிடிக்கும். யார் மேலாவது வருத்தமோ எரிச்சலோ வந்தால் வாயால் சொல்ல மாட்டான். கையில் கிடைத்த நாள்காட்டித் தாளிலோ பேட்டரி அட்டையிலோ கிறுக்கிவிடுவான். எவனாலும் படிக்க முடியாது என்ற தைரியம். கிறுக்கி முடித்ததும் மனசு லேசாகிவிடும். அட்டையை அங்கேயே போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவான்.

அவன் மனைவி பாரதிப்ரியா மண்டபத்தூர்க்காரி. எழுத்து அச்சில் வார்த்தது போலிருக்கும். மகளிர் குழுவில் தீர்மானம் எழுதுவது, கோயில் பலகையில் கஞ்சி ஊற்றும் நேரம் எழுதுவது, காதுகுத்துப் பத்திரிகைமேல் பெயர் எழுதுவது என்று ஊரில் அழகாக எழுத வேண்டியது எதுவானாலும் அவள் வீட்டுக்குத்தான் வரும். எட்டாவது படிக்கும்போது கையெழுத்துப் போட்டியில் கலெக்டர் கையால் பரிசு வாங்கியவள். அந்தப் போட்டோ இன்னும் டிவிக்கு மேலே தொங்குகிறது.

அந்தச் சமயத்தில்தான் காரைக்கால் கடைத்தெருவில் சேக் அலாவுதீனின் அத்தர் கடை மாடியில் அவர் மகன் தௌஹீத் ஒரு சின்ன கம்பெனி தொடங்கினான். பெங்களூரில் சில வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவன். டேப்லெட் திரையில் பேனாவால் தமிழில் எழுதினால் அதைப் படித்து அச்சு எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். அதற்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க விதவிதமான கையெழுத்துகள் வேண்டும். 'தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் தேவை. எழுதினால் சம்பளம்' என்று கடை வாசலில் தட்டி வைத்தான்.

தட்டியைப் பார்த்த மறுநாளே பாரதிப்ரியா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். சசிதரன் பைக்கில் கொண்டுவந்து விட்டுக் கீழே நின்றான்.

மாடியில் சேலத்துப் பெண் கவியா இருந்தாள். அந்த மென்பொருளுக்குப் படிக்கச் சொல்லித்தருவது அவள் வேலை. பாரதிப்ரியாவிடம் டேப்லெட்டையும் பேனாவையும் கொடுத்தாள். பாரதிப்ரியா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர், மீன்பெயர் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். பேனாவை எடுக்க எடுக்க, கீழே அச்சு எழுத்தில் அப்படியே வந்தது. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"ரொம்ப அழகா எழுதுறீங்க அக்கா" என்றாள் கவியா. "ஆனா உங்க எழுத்து எங்களுக்கு வேண்டாம்."

"என்னது?"

"உங்க எழுத்தை இது இப்பவே படிச்சுடுது. தெரிஞ்சதையே திரும்பத் திரும்பக் குடுத்தா இது எதுவும் கத்துக்காது. இதால படிக்க முடியாத எழுத்துதான் எங்களுக்கு வேணும்."

பாரதிப்ரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, வெயில் தாங்காமல் சசிதரன் மாடியேறி வந்தான். வருகிறவர்கள் எல்லாரும் பெயரும் ஊரும் எழுதிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று வாசலில் ஒரு டேப்லெட் இருந்தது. எழுதினான்.

திரையில் ஒரு வட்டம் வெகுநேரம் சுற்றியது. பிறகு, 'ககி தான், கிழிஞ்ச கோடு' என்று வந்தது.

கவியா எழுந்து வந்தாள். "இன்னொரு தடவை எழுதுங்க சார்."

'ரசிகன், கிழங்கு மேடு' என்றது.

மூன்றாவது முறை எழுதியதும், 'மொழி அரபியா?' என்று கேட்டது. கவியா தௌஹீத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். தௌஹீத் குனிந்து பார்த்தான். "அரபியும் இல்லியே" என்றான். இரண்டு பேரும் புதையல் கிடைத்தவர்கள் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே, நாளைக்கே வந்துடுறீங்களா?"

திரும்பும்போது காரைக்கால்மேடு தாண்டியதும் பாரதிப்ரியா முதுகுக்குப் பின்னாலிருந்து, "கலெக்டர் கையால பரிசு வாங்கினவ நான்" என்றாள்.

"ம்" என்றான் சசிதரன்.

தினமும் படகு வேலை முடிந்த பிறகு அவன் அத்தர் கடை மாடிக்குப் போனான். முதலில் கவியா அச்சடித்த வாக்கியங்களைக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொன்னாள். பார்த்து எழுதும்போது அவனுக்குப் பள்ளிக்கூட பயம் வந்துவிட்டது. எழுத்து கொஞ்சம் ஒழுங்காகிவிட்டது. கவியா கவலைப்பட்டாள்.

"இப்படி வேண்டாம் அண்ணா. உங்க மனசுல என்ன வருதோ அதை எழுதுங்க."

சசிதரன் சுற்றுமுற்றும் பார்த்தான். "யாரும் படிக்க மாட்டீங்களே?"

"எங்களால முடிஞ்சாத்தானே?"

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. பேனாவை எடுத்தவன் கீழே வைக்கவில்லை. திரை திரையாக ஓடியது. கவியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அவன் எழுதியது இன்னதுதான் என்று யாராவது சரியாகத் தட்டச்சு செய்து கொடுத்தால்தான் மென்பொருள் கற்றுக்கொள்ளும். அவனையே கேட்டார்கள்.

சசிதரன் திரையை உற்றுப் பார்த்தான். "இது 'க'வா இருக்கும்" என்றான். பிறகு, "இல்லாட்டி 'ச'" என்றான்.

"நீங்க எழுதினதுதானே அண்ணே?" என்றான் தௌஹீத்.

"முந்தாநாள் எழுதினது. இப்பக் கேட்டா எப்படித் தெரியும்?"

தௌஹீத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சசிதரன் மறந்துவிட்டுப் போன செல்போனைக் கொடுக்க பாரதிப்ரியா அப்போதுதான் வந்து நின்றாள். அவர்கள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"'இந்தப் பொண்ணு குடுக்கிற டீ வெறும் வெந்நி'ன்னு எழுதியிருக்காரு" என்றாள்.

கவியா கையில் ஆறிக்கொண்டிருந்த டீயைப் பார்த்தாள். சசிதரனுடைய முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

"உனக்குப் படிக்க வருமா?"

"கல்யாணமாகி ரெண்டாவது வருஷத்துலேருந்து வரும்."

"எல்லாத்தையும் படிச்சியா?"

"எங்கம்மா கொண்டாந்த கருவாட்டை 'பழைய செருப்பு'ன்னு காலண்டர் தாள்ல எழுதினீங்களே, அதையும் படிச்சேன். எங்க சித்தப்பா மவ கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பேட்டரி அட்டையில எழுதினதையும் படிச்சேன். அதை இங்க சொல்ல வேண்டாம்னு பாக்கிறேன்."

"அப்ப ஏன் இத்தனை நாள் சொல்லலே?"

"சொன்னா எழுதறதையும் நிறுத்திடுவீங்க. வாயால ஒண்ணும் சொல்ற ஆளு இல்லை நீங்க. என் வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்கும் தெரிய வேண்டாமா?"

சசிதரன் செல்போனை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டான். தௌஹீத் அங்கேயே, அப்போதே பாரதிப்ரியாவை வேலைக்குச் சேர்த்துக்கொண்டான். அவளுக்குச் சம்பளம் சசிதரனைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அதன் பிறகு மாடியில் தினமும் சண்டைதான். சசிதரன் எழுதுவான், பக்கத்து மேசையில் பாரதிப்ரியா படித்துத் தட்டச்சு செய்வாள்.

"'வலை கிழிஞ்சு போச்சு'" என்பாள்.

"நான் எழுதினது 'வலி குறைஞ்சு போச்சு'."

"வலிக்கு எங்கே கொக்கி இருக்கு? இது வலைதான்."

"எழுதினவன் நான்."

"நேத்து 'சுறா'ன்னு எழுதிட்டு 'கரை'ன்னு சத்தியம் பண்ணினது யாரு?"

கவியா நடுவில் வருவாள். "அண்ணா, இதுல படிக்கறவங்க சொல்றதுதான் முடிவு."

"எழுதறவன் சொல்லுக்கு மதிப்பே இல்லியா?" என்று சசிதரன் கேட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் இவ்வளவு பேசி பாரதிப்ரியா கேட்டதில்லை. அவளுக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் ஆஸியா பீவி மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். அவர் வீட்டில் இடியாப்பம், வட்டலப்பம், நோன்புக்கஞ்சி எல்லாம் ஆர்டர் எடுத்துச் செய்து கொடுப்பவர். மென்பொருளைச் சோதித்துப் பார்க்க தௌஹீத் ஊரில் சிலருக்கு டேப்லெட் கொடுத்திருந்தான். அதில் ஒன்று அவரிடம் இருந்தது. ஆர்டர்களை அதில்தான் எழுதுவார்.

"தௌஹீத், இந்த மாத்திரையை நீயே வச்சுக்க வாப்பா" என்று மேசையில் வைத்தார். டேப்லெட்டை அவர் மாத்திரை என்றுதான் சொல்வார். "ஹாஜியார் வீட்டுல பிரஷர்னு சொன்னாங்க. 'கஞ்சி, உப்பு இல்ல'ன்னு எழுதி வச்சுட்டுக் கடைக்குப் போனேன். இது 'கஞ்சி, அருமை'ன்னு மாத்தி வச்சிருக்கு. என் மருமவ அதைப் பாத்துட்டு அருமையா இருக்கணும்னு ரெண்டு கை உப்பு கூடவே போட்டு அனுப்பிட்டா. நான் பின்னாலேயே ஓடிப்போய்த் தூக்குவாளியைப் பிடுங்கிட்டு வந்தேன். ஒரு வாய் வச்சிருந்தாருன்னா என்ன ஆவறது?"

கவியா பேனாவை எடுத்து, 'உப்பு இல்ல' என்று எழுதிப் பார்த்தாள். 'அருமை' என்று வந்தது. 'காரம் தூக்கல்' என்று எழுதினாள். 'நல்ல ருசி' என்று வந்தது. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மென்பொருள் இதை எங்கிருந்து கற்றுக்கொண்டது என்று தேடினாள். எல்லாம் சசிதரன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுத, பாரதிப்ரியா படித்துத் தட்டச்சு செய்தவை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. 'மாமா வந்துட்டாரு, தலைவலி' என்ற மாதிரி இருந்த ஒரு வரிக்குக் கீழே, 'மாமா வந்தார், மகிழ்ச்சி' என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அது ஒரு முறை இல்லை, சசிதரனின் மாமனார் வந்துபோகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது.

"அக்கா" என்றாள் கவியா.

பாரதிப்ரியா ஒளிக்கவில்லை. "என் சமையலை ஊரெல்லாம் படிக்கணுமா?"

"ஊரு படிக்காது அக்கா. மிஷின்தான் படிக்கும்."

"மிஷின் ஹாஜியார் வீடு வரைக்கும் சொல்லுதே!"

ஆஸியா பீவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கஞ்சிக் கோபம் அவருக்குப் போய்விட்டது. "அந்தப் புள்ள சொல்றது நியாயம்தான். புருஷன் குறை எழுதினா பொண்டாட்டி திருத்தத்தான் செய்வா" என்றவர் சசிதரன் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, உப்பு இல்லேன்னா வாயைத் திறந்து கேட்டு வாங்கிப் போட்டுக்கறதுக்கு என்ன? அதுக்கு ஒரு எழுத்து, அதைப் படிக்க ஒரு ஆளு, அதுக்கு ஒரு கம்பெனியா?"

சசிதரன் டேப்லெட்டை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

பாரதிப்ரியா அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து படித்துத் திருத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி. அது முடியும்வரை வீட்டில் சசிதரனுக்குச் சோறு ஒரு தட்டிலும் உப்பு ஒரு கிண்ணத்திலும் தனித்தனியாக வந்தது.

சரியாகச் சொல்லிக்கொடுத்ததும் மென்பொருள் வேகமாகத் தேறியது. முதலில் பாதி வார்த்தை பிடித்தது. பிறகு வரி வரியாகப் பிடித்தது. "அண்ணா, உங்க எழுத்து இதுக்கு வந்துடுச்சு" என்று கவியா சொன்னபோது, சசிதரன் அவள் ஏதோ விளம்பரத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அவன் எழுத்தைப் படித்தவள் உலகத்திலேயே ஒருத்திதான், அவளும் பல வருஷம் பாடுபட்டுப் படித்தவள். ஒரு பலகை எப்படிப் படிக்கும்?

பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பெயர் திருஞானசம்பந்தம். பூர்வீகம் மாயவரம் பக்கம். அவருக்குப் பிடித்துவிட்டால் தௌஹீத்தின் கம்பெனி நிலைத்துவிடும். தௌஹீத் ஒரு கல்யாண மண்டபத்தில் சின்ன ஹாலை வாடகைக்கு எடுத்து, மேடையில் பெரிய திரை கட்டினான். சசிதரன் மேடையில் உட்கார்ந்து எழுத வேண்டும், அவன் முதுகுக்குப் பின்னால் திரையில் அச்சு எழுத்தாக வரவேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

விழாவுக்கு மண்டபத்தூரிலிருந்து பாரதிப்ரியாவின் அப்பா பூமிநாதன் வெள்ளை வேட்டி சட்டையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். வாலிப வயதில் சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கடல்மேல் படகுக்குப் படகு கத்திப் பேசிப் பழகிய குரல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகள் வீட்டுக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டிலிருந்து விளக்கு வைக்கும்வரை பேசுவார். மாப்பிள்ளை குறுக்கே பேசாமல் கேட்பதால் மாப்பிள்ளை மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

வந்தவர் பெங்களூர்க்காரரிடம் தானே போய் அறிமுகம் செய்துகொண்டார். "படிக்கிற பொண்ணு என் மவ, எழுதறது என் மாப்ள" என்றார். தௌஹீத் மரியாதைக்காக, "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுறீங்களா?" என்று கேட்டுவிட்டான்.

பூமிநாதன் மைக்கைப் பிடித்தார். சசிதரன் பக்கத்தில் மேசை போட்டு டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தான். தன் முறை வரக் காத்திருக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் மாமனார் பேச ஆரம்பித்ததும் கை தானாகப் பேனாவைத் தேடியது. திரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

"சபையோருக்கு வணக்கம். நான் அதிகம் பேசப் போறதில்லை" என்றார் பூமிநாதன்.

பின்னால் திரையில், 'இப்படித்தான் ஆரம்பிப்பாரு' என்று வந்தது.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"ரெண்டே வார்த்தை."

'எண்ணிப் பாக்க ஆள் வேணும். இப்ப சிங்கப்பூர் வரும் பாரு.'

"நான் சிங்கப்பூர்ல இருந்தப்ப..." என்றார் பூமிநாதன்.

ஹாலே குலுங்கியது. பூமிநாதன் அசந்துபோனார். இதுவரை அவர் பேச்சுக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். குரல் இன்னும் ஏறியது.

'வந்துடுச்சு. அடுத்து தொப்பி விழும்.'

"ஒருநாள் பாருங்க, காத்துன்னா காத்து, அப்படியொரு காத்து. எங்க ஆபீசர் தொப்பி பறந்து கடல்ல விழுந்துடுச்சு!"

பெங்களூர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன் வரிசையில் பாரதிப்ரியா கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்யச் சொல்கிறாள் என்று நினைத்து சசிதரன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். கவியா ஒயரைப் பிடுங்க ஓடினாள். "விடும்மா, நல்லா ஓடுது" என்று பெங்களூர்க்காரர் தடுத்துவிட்டார்.

"தொப்பியைப் பிடிக்கப் போன ஆபீசரும் விழுந்துட்டார். நான் ஒருத்தன்தான் குதிச்சேன்!"

'போன மாசம் தொப்பி மட்டும்தான் விழுந்துச்சு. இப்ப ஆபீசரும் விழுந்துட்டான். அடுத்த வருஷம் கப்பலே விழும்.'

ஜனங்கள் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். எல்லார் கண்ணும் தனக்கு மேலே போவதைப் பூமிநாதன் அப்போதுதான் கவனித்தார். மெதுவாகத் திரும்பினார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஹாலில் சத்தம் அடங்கிவிட்டது.

அந்த அமைதியில் திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. 'நிறுத்திட்டாரு. என்ன ஆச்சு?'

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது. 'எல்லாரும் ஏன் என்னையே பாக்கிறாங்க?'

பிறகுதான் சசிதரன் திரும்பிப் பார்த்தான். பேனா கையிலிருந்து விழுந்து உருண்டது.

பூமிநாதன் மைக்கை மேசைமேல் வைத்தார். "கப்பல் விழாது மாப்ள" என்றார். மைக் அணையாததால் அது கடைசி வரிசைவரை கேட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்துவிட்டார்.

பெங்களூர்க்காரருக்கு மென்பொருள் மிகவும் பிடித்துவிட்டது. இப்படிப்பட்ட எழுத்தில் ஒரு எழுத்துகூடத் தப்பவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கேயே தௌஹீத்தோடு கைகுலுக்கினார். தௌஹீத்தின் வாப்பா சேக் அலாவுதீன் எல்லாருக்கும் அத்தர் பூசிவிட்டார். சசிதரன் வாசனையோடும் பயத்தோடும் வீட்டுக்குப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூமிநாதன் வரவில்லை. காலையில் சசிதரனுக்கு அது ஒரு மாதிரி நிம்மதியாகவே இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான், தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷமும் அந்தக் குரலுக்கு நடுவிலேதான் கண்ணசந்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாரதிப்ரியாவும் பேச்சை நிறுத்திவிட்டாள். சொல்லவேண்டியதை எழுதி வைத்தாள். 'சோறு அடுப்பில்.' 'கேஸ் தீர்ந்துவிட்டது.' 'அப்பா இந்த வாரமும் வரவில்லை.' புள்ளி வைத்து, சுழி போட்டு, அச்சு போன்ற எழுத்து. அவ்வளவு அழகாக எழுதினால் கோபம் இரண்டு மடங்காகத் தெரியும் என்று சசிதரன் அதுவரை அறிந்ததில்லை. மூன்றாவது சீட்டைப் படித்துவிட்டு பைக்கை எடுத்தான்.

மண்டபத்தூரில் பூமிநாதன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ள. பேனா கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லீங்க மாமா."

"அப்ப உக்காருங்க."

சசிதரன் உட்கார்ந்தான். "தப்புத்தான் மாமா. எனக்கு வாயில வர மாட்டேங்குது. கை மட்டும் எழுதிடுது. இத்தனை நாளா யாருக்கும் புரியலே, அதனால ஒண்ணும் ஆவலே."

பூமிநாதன் தெருவைப் பார்த்தார். "நீங்க எழுதினது எனக்குப் பெரிசில்லை மாப்ள. என் பேச்சு நீளம்னு எனக்கே தெரியும். உங்க அத்தை தெனம் சொல்றாளே. ஆனா அன்னிக்கு அவ்வளவு பேரு சிரிச்சாங்க பாருங்க, நான் பேசித்தான் சிரிக்கிறாங்கன்னு நெனச்சேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. திரும்பிப் பாக்காமலே இருந்திருக்கலாம்."

சசிதரன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். "உங்க பேச்சு இல்லாம எனக்கு ஞாயித்துக்கிழமை தூக்கமே வரலே மாமா" என்றான். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது.

பூமிநாதன் அவனை முறைத்துப் பார்த்தார். "நான் பேசினா தூங்குவீங்க. அப்படித்தானே?"

"ஆமா... இல்லீங்க மாமா."

"பரவாயில்லை, வாயால சொல்லிட்டீங்க. இன்னும் ஏதாவது இருந்தா சொல்லுங்க. இன்னிக்கே கேட்டுடறேன்."

சசிதரன் யோசித்தான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மாமா. நெசமா அந்த ஆபீசர் விழுந்தாரா, தொப்பி மட்டும்தான் விழுந்துச்சா?"

பூமிநாதன் எழுந்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மனைவி பின்கட்டில் இருப்பதை உறுதி செய்துகொண்டு வந்து நாற்காலியை மாப்பிள்ளை பக்கம் இழுத்துப் போட்டார்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம் மாமா."

"தொப்பி விழவே இல்லை மாப்ள. விழப் பாத்துச்சு. அவன் பிடிச்சுட்டான்."

சசிதரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தெருவில் போன ஒருவர் நின்று பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். பூமிநாதனும் சேர்ந்துகொண்டார். அவர் சிரிப்பு அடங்கும்போது இவன் ஆரம்பிப்பான், இவன் அடங்கும்போது அவர். சத்தம் கேட்டு மாமியார் வெளியே வந்து, "என்ன, என்ன?" என்றார். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது பாரதிப்ரியா வாசலிலேயே நின்றாள். சீட்டு எழுதப் பொறுமை இல்லாமல் வாயைத் திறந்துவிட்டாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலே" என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். பைக்கில் போகும்போதே பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று நினைத்ததிலிருந்து தொடங்கி, பிளாஸ்டிக் நாற்காலி, பேனா இருக்கிறதா என்று அவர் கேட்டது, தூக்கத்தைப் பற்றித் தான் உளறியது என்று ஒன்று விடாமல் சொன்னான். திக்கித் திக்கித்தான் சொன்னான். பாரதிப்ரியா கதவில் சாய்ந்தபடி குறுக்கே பேசாமல் கேட்டாள். தொப்பி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டான், சத்தியம் பண்ணியிருந்தானே.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"சரி, எழுந்திரிங்க. ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குக் கொடுவா மீன் வாங்கணும். யார்கிட்ட சொல்லி வைக்கலாம்?"